ஆட்சேபணைக்குரிய புரதம்

பொதுப்பந்தித் தூய்மை வாரியம் கொரோனாக் காலத்தில் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கப்பட்டது. கொரோனா போய்விட்டது. வாரியம் போகவில்லை. போகச் சொல்லி யாரும் எழுத்துமூலம் கேட்கவில்லை. திண்டுக்கல் வட்டார அலுவலகத்தில் இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். பள்ளிக்கூடங்களில் சமைக்கிறவர்கள் சுத்தமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் சுத்தமாக இருக்கிறோமா என்று பார்க்க இன்னும் ஒரு வாரியம் போடவில்லை.

என் பெயர் கிறிஸ்துராஜ். தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போடுவேன், போகிற கடிதத்துக்கு எண் போடுவேன். நடுவில் அந்தக் கடிதம் என்ன பாடுபடுகிறது என்பது எனக்கு மேலே இருப்பவர்களின் கவலை. அவர்களும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு மேலே இருப்பவர் தூய்மை உறுதி அலுவலர் முத்துக்கிருஷ்ணன். மாவட்டத்தில் முதல் ஆளாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் தாம்தான் என்று சொல்லிக்கொள்வார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஊசிக்கு முன்னால் சிரிக்கும் போட்டோ ஒன்று அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். போன வருஷம் அவர் பதினேழாம் எண் சுற்றறிக்கையைத் தம் கைப்பட எழுதினார். ‘சமையற்கூடத்துக்குள் நுழைகிற, அல்லது சமைத்ததை அண்டாவிலிருந்து எடுக்கிற எவருடைய ரத்தத்திலும் வைரஸ் தொடர்பான புரதம் எதுவும் காணப்படலாகாது’ என்பது அதன் சாரம். எழுத மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள், இதை ஒரு டாக்டரிடம் காட்டலாமே என்று யாரோ சொன்னார்கள். “டாக்டர்கிட்டக் காட்ட இதென்ன வியாதியா?” என்று கேட்டுவிட்டார்.

அந்தச் சுற்றறிக்கையில் முதலில் மாட்டியவர் கருப்பம்மாள். கன்னிவாடிக்கு மேற்கே மலையடிவாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பதினாறு வருஷமாகச் சமைக்கிறவர். அறுபத்திரண்டு பிள்ளைகள் அவர் கைச்சோறு சாப்பிடுகிறார்கள். ஐப்பசி மழை விட்டதும் அவருக்கு டெங்கு வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து, வீடு திரும்பி, பதினைந்து நாள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

“காச்ச விட்டுப் பதினஞ்சு நாளாச்சு சார். ரெண்டு கொடம் தண்ணி ஒரே மூச்சுல தூக்குறேன். நாளைக்கு அடுப்பப் பத்த வைக்கவா?”

முத்துக்கிருஷ்ணன் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ஐ.ஜி.எம். பாசிட்டிவ்” என்றார், சாப்பாட்டில் முடி கிடந்தால் சொல்கிற மாதிரி.

“அப்டின்னா என்னா சார்?”

“நோய் இருக்குன்னு அர்த்தம்.”

“நாந்தேன் நல்லா இருக்கேனே.”

“நல்லா இருக்கேன்னு நீ சொல்ற. ஒன் ரத்தம் வேற சொல்லுது. ஆளு பொய் சொல்லும், ரத்தம் பொய் சொல்லாது. இந்த வாரியம் ஆளோட பேசுறதே இல்லம்மா. ரத்தத்தோட மட்டுந்தான் பேசும்.”

கருப்பம்மாள் என்னைப் பார்த்தார். நான் தாளுக்கு எண் போட்டேன். வேறென்ன செய்ய?

ஆனால் அலுவலர் நியாயஸ்தர். அந்தப் புரதம் எந்தத் தேதியில் உடம்பை விட்டு வெளியேறும் என்று கால அட்டவணை கேட்டு, ரத்தம் பார்த்த பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தையும் கருப்பம்மாளையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். கூடம் நாகல் நகர்ப் பக்கம். அங்கே ஜெஸ்ஸி என்ற பெண் ரத்தம் எடுப்பாள். படித்த பெண். படித்ததை மறக்காத பெண்ணும்கூட.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

“சார், காச்சல் வந்த மொத நாலஞ்சு நாளு ரத்தத்துல வைரஸோட சொந்தப் புரதம் தெரியும். அக்காவுக்கு அது ஆஸ்பத்திரிலயே போயிருச்சு. அப்ப கல்லீரல் ஒரு புரதத்தச் செஞ்சு, வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு சத்தம் போடும். அதுவும் அடங்கிருச்சு, இந்தா பாருங்க, நார்மல். இப்ப இருக்கிறது சண்டைக்குன்னு ஒடம்பே செஞ்ச புரதம். மொதல்ல வர்ற படை ஐ.ஜி.எம். அது ரெண்டு மூணு மாசம் சுத்திட்டுப் போயிரும். பின்னாடி வர்றது ஐ.ஜி.ஜி. வந்த திருடன் மூஞ்சிய அது மறக்காது. வருசக்கணக்கா நிக்கும், செல பேருக்கு ஆயுசுக்கும்.”

“அப்ப இது சீக்கு இல்ல தாயி. சீக்க வெரட்டுன கம்பு” என்றார் கருப்பம்மாள்.

“அதேதான்க்கா.”

கருப்பம்மாளுக்கு இது விளங்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஜெஸ்ஸி இதையே அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முத்துக்கிருஷ்ணன் அதை இரண்டு முறை படித்தார். அவர் பட்டம் வாங்கியவர், ஆகையால் விளங்கவில்லை.

“கிறிஸ்துராஜ், இதுல என்ன எழுதியிருக்கு பாத்தீங்களா? ஒரு புரதம் இல்ல, ரெண்டு மூணு வகை இருக்குன்னு அவங்களே ஒப்புக்கிட்டாங்க.”

“வைரஸோட புரதம் வேற, நம்ம ஒடம்போட புரதம் வேறன்னும் எழுதியிருக்கு சார்.”

“ரெண்டும் ஒரே ரத்தத்துலதான கெடந்துச்சு? சேர்க்கை சரியில்ல.”

திருடனுடைய செருப்பும் போலீஸ்காரர் தொப்பியும் ஒரே வீட்டில் கிடந்தால் இரண்டு பேரையும் உள்ளே தள்ளுகிற சட்டம் இது. கருப்பம்மாள் ‘புரதம் நீங்கும்வரை’ சமையற்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று.

அதுவரை மாற்று ஏற்பாடு செய்தோம். திண்டுக்கல்லில் ஓர் இடத்தில் சமைத்து வேனில் அனுப்புவது. வேன் பதினோரு மணிக்குக் கிளம்பும். வழியில் எட்டுப் பள்ளிக்கூடம். கருப்பம்மாளின் பள்ளிக்கூடம் கடைசி. இரண்டரை மணிக்குப் போய்ச் சேரும்போது சாம்பார்சாதம் கரண்டியால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தனியாகக் கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போயிருக்கும்.

தலைமையாசிரியை சத்யபிரியா தினமும் போன் பண்ணுவார். “சார், பதினெட்டுப் பிள்ளைக மத்தியானத்தோட வீட்டுக்குப் போயிருதுக. வீட்டுல சோறு இருந்தா இங்க எதுக்கு சார் தட்டத் தூக்கிட்டு வருதுக? கருப்பம்மாளை அனுப்புங்க சார்.” நான் புகாருக்கு எண் போடுவேன். இருபத்திரண்டாம் புகாருக்கு எண் போட்ட அன்று மத்தியானம் என் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பதிவு செய்ய எங்களிடம் படிவம் இல்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது பரிசோதனை. ஐ.ஜி.எம். இன்னும் இருந்தது. கூடவே, ரத்தத்தில் மொத்தப் புரதம் மேல் எல்லையைப் புள்ளி ஒன்று தாண்டியிருந்தது. காய்ச்சலோடு சண்டை போட்ட ரத்தம் அப்படித்தான் கொஞ்ச நாள் இருக்கும் என்று ஜெஸ்ஸி கீழே எழுதியிருந்தாள். முத்துக்கிருஷ்ணன் கீழே எழுதியதைப் படிக்கிற வழக்கம் உள்ளவர் அல்ல.

“புரதம் கூடுதலா இருக்கு” என்றார் மெல்ல. பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சத்துணவுல புரதம் எதுல இருக்கு கிறிஸ்துராஜ்?”

“முட்டைல சார்.”

“இப்பப் புரியுதா?”

மூன்று பேர் கொண்ட விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு வந்த முட்டையைக் கருப்பம்மாள் உண்டிருக்கக்கூடும் என்பதற்கு அவருடைய ரத்தமே சாட்சி என்பது குற்றச்சாட்டு. அந்த ஒரு மாதமாக அவர் சமையற்கூடத்தின் பக்கமே போகவில்லை என்று நான் நினைவூட்டினேன். முன்கூட்டியே உண்டிருக்கலாம் என்றார் குழுத் தலைவர்.

கருப்பம்மாளை நடுவில் நிறுத்தினார்கள். “உண்மையச் சொல்லும்மா. கடைசியா எப்ப முட்ட சாப்ட்ட?”

“ஆஸ்பத்திரில தட்டணு கொறஞ்சிருச்சுன்னு டாக்டரு ரெண்டு அவிச்ச முட்ட குடுக்கச் சொன்னாரு. எம்மக வாங்கியாந்து குடுத்தா.”

“எழுதிக்கங்க. முட்டை உண்டதை ஒப்புக்கொண்டார்.”

“ஏன் சார், நான் முட்ட தின்னா என் ரத்தத்துல கோழி கூவுமா?” என்று கேட்டார் கருப்பம்மாள். “பதினாறு வருசமா அம்புட்டு முட்டையும் உரிச்சு உரிச்சு அதுக தட்டுல வச்சவ நானு. ஒரு மஞ்சக்கரு ஒடஞ்சாக்கூட மனசு கேக்காது. என்னயப் பாத்து இந்தக் கேள்வியக் கேக்க ஒங்களுக்கு நாக்கு எப்டி வந்துச்சு?”

குழு இதை ‘ஒத்துழையாமை’ என்று பதிவு செய்தது. அன்று படி இறங்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அழுகை மாதிரி தெரியவில்லை. கோபத்தில் வந்த தண்ணீர்.

மூன்றாவது மாதம் ஐ.ஜி.எம். போய்விட்டது. ஜெஸ்ஸி எனக்குப் போன் பண்ணியே சொன்னாள், குரலில் சந்தோஷத்தோடு. நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். நாலு மணிக்கு என் மேசைக்கு வந்த கடிதத்தில் இரண்டு பத்தி இருந்தது. முதல் பத்தி: தங்கள் ரத்தத்தில் ஐ.ஜி.எம். இல்லை, ஆகவே தங்களுக்குக் காய்ச்சல் என்பதற்கு ஆதாரம் இல்லை, காரணமின்றி மூன்று மாதம் பணிக்கு வராதது குறித்து விளக்கம் தருக. இரண்டாம் பத்தி: தங்கள் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. உள்ளது, இது ஆயுள்வரை நிற்கும் எனப் பரிசோதனைக்கூடமே எழுதியுள்ளது, ஆகவே தாங்கள் ஆயுள்வரை நோயுற்றவர், பணிநீக்கம் ஏன் செய்யக் கூடாது?

காய்ச்சலே வராதவருக்கு ஆயுள் முழுக்கக் காய்ச்சல். ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். நான் எண் போட்டேன்.

மறுநாள் கருப்பம்மாள் கடிதத்தோடு வந்தார். அலுவலரிடம் போகவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

“கிளார்க்கு சாரு, அந்தப் பதினேழாம் நம்பர எனக்கு ஒருக்கா மெதுவா வாசிச்சுக் காட்டுங்க.”

வாசித்தேன்.

“‘அண்டாவுல இருந்து எடுக்கிற எவரும்’னு போட்டிருக்கா?”

“ஆமா.”

“சமையக்காரின்னு போடலையே?”

“எவரும்னுதான் போட்டிருக்கு.”

“எங்க பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வந்தா அண்டாவுல மொதக் கரண்டிய யாரு எடுக்கிறது?”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்குப் போகும் அலுவலர் அண்டாவில் முதல் கரண்டியைத் தாமே எடுத்து ருசி பார்த்து, ஏட்டில் ‘சுவை நன்று’ என்று எழுதுவார். அவர் எழுதும்வரை பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முத்துக்கிருஷ்ணனுக்குப் பின்னால் நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு கரண்டி எடுப்போம். சுவை நன்றாக இருந்தால் இரண்டு.

“சொல்லச் சொல்ல எழுதுங்க” என்றார் கருப்பம்மாள். “அண்டாவத் தொடுற ஆபீசருக அம்புட்டுப் பேரோட ரத்தத்தையும் பாக்கணும். எனக்கு ஒரு சட்டம்னா அதே சட்டம் அவுகளுக்கும்.”

நானூற்றுப் பதினெட்டாம் எண் மனு அது. எண்ணை நான் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

முத்துக்கிருஷ்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ பூரிப்பு. “முன்மாதிரி!” என்று எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பத்திரிகை நிருபரை வரவழைத்தார். ஜெஸ்ஸி ஊசியோடு வந்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் பேசினார்:

“என் ரத்தம் இருபத்தஞ்சு வருஷமா அரசாங்கச் சம்பளத்துல ஓடுற ரத்தம். இதுல வைரஸ் எப்படி நுழையும்? அனுமதி வாங்காம என் அறைக்குள்ளயே யாரும் நுழைய முடியாது. ஏழைங்களுக்கு ஏன் நோய் வருது? படிவம் நிரப்பத் தெரியல. என்கிட்டப் பத்து வருஷமா வந்த எந்தப் புகாரும் என்னைப் பாதிச்சதில்ல. அதுக்குப் பேருதான் எதிர்ப்புச் சக்தி.”

நிருபர் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

முடிவுத் தாள்கள் முதலில் என் மேசைக்குத்தான் வந்தன. பதினோரு பேருக்கும் பாசிட்டிவ். கொரோனாவுக்கு எதிரான புரதம் எல்லோருக்கும் இருந்தது. சிக்குன்குனியா ஆறு பேருக்கு. டெங்கு நாலு பேருக்கு. மூன்றும் சேர்ந்து இருந்தது ஒரே ஒருவருக்குத்தான், தூய்மை உறுதி அலுவலருக்கு. கொரோனாவுக்காவது ஊசி போட்டிருந்தார். மற்ற இரண்டும் எப்போது வந்தன என்று அவருக்கே தெரியாது. இவருக்குத் தெரிவிக்காமலேயே இவர் உடம்பு இரண்டு சண்டை போட்டு ஜெயித்திருந்தது. அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

விதிப்படி, பாசிட்டிவ் தாள் வந்த அன்றே ஒன்பதாம் எண் படிவம் போக வேண்டும். ‘பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்’ என்ற படிவம். பதினொன்று அடித்தேன், என்னுடையதையும் சேர்த்து. சாயங்காலம் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க முத்துக்கிருஷ்ணன் தாளின் கீழ்மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. பெயர் மேலே தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்தரைக்குச் செய்தி வந்தது. கருப்பம்மாள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். தலைமையாசிரியை சாவியைக் கொடுத்ததோடு நில்லாமல் வெங்காயமும் உரித்துக்கொண்டிருக்கிறாராம்.

முத்துக்கிருஷ்ணன் என்னையும், சமையற்கூடத்துக்குச் சீல் வைக்க அரக்கு முத்திரையையும் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். தபால் பை என் தோளில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே புளியும் பூண்டும் கொதிக்கிற வாசனை வந்தது. அறுபத்திரண்டு பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு அவர் சமையற்கூடத்து வாசலுக்குப் போனார்.

“வெளிய வா!”

கருப்பம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரத்தச் சீட்டு வச்சிருக்கீங்களா சார்? இல்லேன்னா வாசப்படி தாண்டாதீங்க. பதினேழாம் நம்பரு.”

“என்கிட்டயே சுற்றறிக்கை பேசுறியா? நான் யாருன்னு தெரியுமா?”

நான் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினேன். “சார், உங்களுக்கு ஒரு தபால்.”

பிரித்தார். படித்தார். கீழ்மூலையைப் பார்த்தார்.

“இதுல யாரு கையெழுத்துப் போட்டது?”

“நீங்கதான் சார்.”

“நகல்?”

“சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு. சாயங்காலத் தபால்ல சேக்கணும். பைலதான் இருக்கு.”

அவர் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினார். பிறகு போனை எடுத்து ஜெஸ்ஸியைக் கூப்பிட்டார். போன் சத்தமாகக் கேட்கிற போன்.

“ஏம்மா, இந்தப் புரதத்த ரத்தத்துல இருந்து எடுக்க ஊசி ஏதாச்சும் இருக்கா?”

“அத வரவைக்கத்தான் சார் ஊசியே போட்டோம்” என்றாள் ஜெஸ்ஸி.

கருப்பம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். வேர்வையில் முகம் மினுங்கியது.

“சார், நான் படிக்காதவ. ஒன்னு கேக்குறேன். காச்ச எம்மேல ஏறிக்கிட்டு வந்துச்சு. ஒம்போது நாளு கெடந்து சண்ட போட்டேன். என் ரத்தம் செயிச்சுச்சு. செயிச்சதுக்கு அடையாளம் என் ஒடம்புல கெடக்கு, அம்புட்டுத்தேன். செயிச்சவள வாசலுக்கு வெளிய நிறுத்திட்டு மூணு மாசமா பிள்ளைகளுக்கு ஆறுன சோத்தப் போட்டீக. சீக்கு என் ரத்தத்துல இல்ல சார். ஒங்க ஆபீசுல இருக்கு.”

சத்யபிரியா வெங்காயக் கையோடு எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?” என்று முத்துக்கிருஷ்ணன் என்னைக் கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“பதினேழை வாபஸ் வாங்கிட்டா அதுக்குக் கீழ போட்ட உத்தரவெல்லாம் ரத்து சார். கருப்பம்மாளோடதும், உங்களோடதும்.”

கார் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார். கருப்பம்மாள் எட்டிப் பார்த்தார். “எனக்குக் காச்ச வந்தது நெசம்னு எழுதுங்க. போனதும் நெசம்னு எழுதுங்க. முட்டப் பேச்சு பொய்யின்னு எழுதுங்க.” மூன்றையும் எழுதினார். கையெழுத்துப் போடும் முன் இந்தத் தடவை முழுவதும் படித்தார். நான் அங்கேயே நின்றபடி எண் போட்டேன்.

கையெழுத்துப் போட்டதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “அன்பான மாணவச் செல்வங்களே! இன்று வாரியம் எடுத்திருக்கும் இந்தத் துணிச்சலான முடிவு…”

“சார்” என்றார் கருப்பம்மாள். “பிள்ளைக பசியோட நிக்குது. வாசல விட்டுத் தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார். வரிசை உள்ளே போனது.